‘இது வராது, அடிச்சிடு’: நம் பள்ளிக்கூடத்து நல்ல சார், மோசமான சார்

#1 தறிக்காரன் மகன்

மோசமான ஆசிரியர் யார் என்று கேட்டால் என் செட்டுக்காரர்கள் உடனே பிரம்பைப் பற்றித்தான் பேசுவார்கள். முட்டி போட வைத்தது, டஸ்டரைத் தூக்கி எறிந்தது, ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து விரல் முட்டியில் போட்டது. அதெல்லாம் எனக்கும் நடந்திருக்கிறது, சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் என் படிப்பை உண்மையில் கெடுத்தவர் என்மேல் ஒரு தடவைகூடக் கை வைத்ததில்லை. தங்கமான மனிதர். பசங்கள் எல்லோரும் அவரைக் கும்பிட்டார்கள். எங்கள் பிளஸ் டூ கணக்கு சார்.

2009இல் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாவது முடித்துவிட்டு, மேற்கு மாவட்டம் ஒன்றில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்ந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். அப்பா தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கட்டிய ஃபீஸ். பிளஸ் ஒன் புத்தகம் கொடுத்தார்கள், கொஞ்ச நாள் நடத்தினார்கள், அப்புறம் அது பெட்டிக்குள் போய்விட்டது. இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடம்தான். அதிகாரி யாராவது வருகிறார் என்றால் பிளஸ் ஒன் புத்தகத்தை எடுத்து டெஸ்க் மேல் வைக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் அது தேவைப்படும்.

அந்தக் காலத்துக் கணக்கு வினாத்தாள் ஞாபகம் இருக்கிறதா? 200 மார்க். ஒரு மார்க் 40, ஆறு மார்க்கில் பத்து, பத்து மார்க்கில் பத்து. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி என்பது புளூபிரின்ட்டிலேயே இருக்கும். சாய்ஸும் உண்டு. அதனால் எதை விட்டாலும் 200 வாங்கலாம் என்று எங்கள் சாருக்கு அத்துப்படி. புத்தகத்தைத் திறந்ததும் பென்சிலை எடுக்கச் சொல்வார். “இது வராது, அடிச்சிடு. இது வந்தாலும் சாய்ஸ்ல விட்டுடலாம், அடிச்சிடு.” வகை நுண்கணிதப் பயன்பாட்டில் யோசித்துப் போட வேண்டிய கணக்கு பாதிக்கு மேல் அடி. தனிநிலைக் கணக்கியலில் குலம் (group) என்று நிறுவுகிற கணக்கு கட்டாயம் வரும், அதனால் அதை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவோம். குலம் என்றால் என்ன, அதை வைத்து யார் என்ன செய்கிறார்கள் என்று ஒருவனும் கேட்டதில்லை.

198 வாங்கினேன். கட்-ஆஃப் நன்றாக வந்தது. அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வில் கேட்ட கல்லூரியே கிடைத்தது. முதல் செமஸ்டரில் எம்1, அதாவது முதல் கணக்குத் தாள், அரியர். அடுத்த செமஸ்டரில் மெக்கானிக்ஸ் அரியர். எல்லை, தொடர்ச்சி, தொகையிடலின் அடிப்படை, சுழற்சி இயக்கம் எல்லாமே பெட்டிக்குள் போன அந்தப் பிளஸ் ஒன் புத்தகத்தில் இருந்தவை. ஹாஸ்டலில் உட்கார்ந்து அதைத் தம்பியிடமிருந்து கூரியரில் வரவழைத்துப் படித்தேன்.

இப்போது இன்னொருவரைச் சொல்கிறேன். பத்தாவதில் எங்கள் கணக்கு டீச்சர். சிரிக்கவே மாட்டார். அளவியல் பாடத்தில் கூம்பின் கன அளவு வந்தது. சூத்திரம் தெரிந்தால் போதும், மார்க் வந்துவிடும். அவர் அட்டையில் ஒரு கூம்பும் அதே ஆரம், அதே உயரத்தில் ஓர் உருளையும் ஒட்டிக்கொண்டு வந்தார். எங்களையே மைதானத்து மணலை அள்ளிக் கூம்பில் நிரப்பி உருளைக்குள் கொட்ட வைத்தார். மூன்றாவது தடவை உருளை நிரம்பியது. “இது காட்டுறது மட்டும்தான், நிரூபிக்கிறது இல்ல. நிரூபணம் பிளஸ் டூவுல வரும், அங்க போய்ப் பாருங்க” என்றார். பிளஸ் டூ தொகை நுண்கணிதத்தில் அது நிஜமாகவே வந்தது, கூம்பின் கன அளவைத் தொகையிட்டுக் காட்டுக என்று. எனக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம். சார் சொன்னது: “அஞ்சு வரி. மனப்பாடம் பண்ணிடு.”

அதனால் என் கணக்குப்படி மோசமான ஆசிரியர் என்பவர் பாடத்தை நம்மிடமிருந்து மறைத்தவர். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம், எழுதுங்கள். பள்ளி, ஆசிரியர் பெயர் மட்டும் போடாதீர்கள்.

#2 அரியர் மன்னன்

எம்1 சங்கத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் 195க்கு மேல் கட்-ஆஃப் வைத்திருந்தவர்கள் வரிசையாக விழுந்தார்கள். விழாமல் போனவன் ஒரு அரசுப் பள்ளிப் பையன். கட்-ஆஃப் எங்களைவிட ரொம்பக் குறைவு. பிளஸ் ஒன் முழுதும் படித்துவிட்டு வந்திருந்தான். பரீட்சைக்கு முந்தின ராத்திரி அவன் ரூமில்தான் எங்கள் கூட்டம்.

#3 சாக்பீஸ்

நான் முதுகலை ஆசிரியர், அரசு மேல்நிலைப் பள்ளி, இயற்பியல். மாணவர்கள் மட்டுமே பேசினால் ஒரு பக்கம்தான் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

ரிசல்ட் வந்த அடுத்த வாரம் எங்களுக்கு என்ன நடக்கும் தெரியுமா? முதன்மைக் கல்வி அலுவலர் தலைமையில் பகுப்பாய்வுக் கூட்டம். பாடவாரியாகத் தேர்ச்சி சதவீதம் திரையில் ஓடும். குறைந்த பாடத்தின் ஆசிரியர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும், சில சமயம் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். அங்கே யாரும் “உங்கள் மாணவனுக்கு ஒளிவிலகல் புரிந்ததா?” என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்பது ஒன்றே ஒன்று, எத்தனை பேர் ஃபெயில்.

இதற்கு நடுவில் எமிஸ் என்கிற மாணவர் விவர இணையதளப் பதிவு, விலையில்லாப் பொருள் பட்டியல், தேர்தல் பணி, பயிற்சி. பக்கத்துப் பள்ளியில் பணியிடம் காலி என்றால் மாற்றுப் பணிக்கு இரண்டு நாள் அங்கே. பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தொகுப்பூதியத்தில் வருகிற இளம் ஆசிரியர்கள் பாவம், நன்றாக நடத்துவார்கள், ஆனால் அடுத்த வருடம் இருப்பார்களா என்பது அவர்களுக்கே தெரியாது.

நானும் “இது வராது, அடிச்சிடு” என்று சொல்லியிருக்கிறேன். இன்றும் சொல்கிறேன், ஒளிக்க வேண்டிய அவசியம் இல்லை. யாரிடம் சொல்கிறேன் என்பது முக்கியம். என் வகுப்பில் காலை நாலு மணிக்குப் பூ கட்டிவிட்டு வருகிற பெண் இருக்கிறாள். பெருக்கல் வாய்பாடே தடுமாறுகிற பையன் இருக்கிறான். எட்டாவது வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்பதால் அவன் பத்தாவதைத் தொட்ட பிறகுதான் முதல்முறை பொதுத் தேர்வைப் பார்க்கிறான். அவனுக்கு நான் கொடுக்கிற மினிமம் மெட்டீரியல் பத்துப் பன்னிரண்டு பக்கம் இருக்கும். அதைப் படித்தால் பாஸ். பாஸ் ஆனால் நர்சிங், பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு என்று ஏதோ ஒரு கதவு திறக்கும். ஃபெயிலானால் அந்தப் பெண்ணுக்கு ஆறு மாதத்தில் கல்யாணம். இவர்களிடம் நான் “எல்லாப் பாடமும் படி, அறிவு முக்கியம்” என்று வசனம் பேசினால் அதுதான் துரோகம்.

அதனால் தறிக்காரன் மகன் தம்பி, உங்கள் சார் செய்ததையும் நாங்கள் செய்வதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

#4 தறிக்காரன் மகன்

சார், வைக்கவில்லை. நீங்கள் சொல்கிற பிள்ளைக்கு எதை விடலாம் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்துக் குறைத்துக் கொடுப்பது உதவி. எங்கள் வகுப்பில் இருந்தவர்கள் எல்லோருமே பத்தாவதில் 450க்கு மேல். அப்படித்தான் சேர்த்தார்கள். எங்களுக்கு முழுப் பாடத்தையும் படிக்கத் தெம்பு இருந்தது, நேரமும் இருந்தது, காலை ஐந்தரையிலிருந்து ராத்திரி பத்து வரை ஸ்டடி. ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பத் திருப்புதல் தேர்வு எழுதினோம். பி.இ.டி. பீரியட்கூட கணக்குக்குத்தான். நேரம் இல்லாமல் பிளஸ் ஒன் போகவில்லை. பேனரில் போடுகிற மார்க்குக்கு அது உதவாது, அதனால் போனது.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பள்ளி ஒன்பதாவதிலேயே சுமாராகப் படிக்கிறவர்களிடம் டிசியைக் கொடுத்து அனுப்பிவிடும். பத்தாவதில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பிறகு ஃபிளெக்ஸ். அனுப்பப்பட்டவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள்? உங்கள் பள்ளி மாதிரி ஒன்றில்தான். நீங்கள் அவர்களை வைத்துக்கொண்டு கூட்டத்தில் எழுந்து நிற்கிறீர்கள்.

#5 பூங்கொடி

பாடத்தை மறைப்பது என்று ஆரம்பித்ததால் எனக்கு ஒன்று சொல்ல இருக்கிறது. இது மார்க்குக்காக மறைத்தது இல்லை.

பெண்கள் பள்ளி. பத்தாம் வகுப்பு அறிவியலில் மனித இனப்பெருக்கப் பாடம். எங்கள் மிஸ் வந்தார், புத்தகத்தை மூடினார், “இத வீட்ல படிச்சுக்கோங்க, டவுட் இருந்தா அம்மாகிட்ட கேளுங்க” என்றார். அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அம்மாவிடம் கேட்டவள் யாராவது இருந்தால் கை தூக்கட்டும். வகுப்பில் பாதிப் பேருக்கு அதற்கு முன்பே மாதவிலக்கு வந்துவிட்டது, அது ஏன் வருகிறது என்று ஒருத்திக்கும் தெரியாது. தீட்டு என்று தெரியும், ஊறுகாய் ஜாடியைத் தொடக் கூடாது என்று தெரியும். நாற்பது பெண்கள், நடத்துவதும் ஒரு பெண், கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கலாம். அந்த மிஸ் கெட்டவர் இல்லை. கூச்சப்பட்டார். ஆனால் அந்தக் கூச்சத்துக்கான விலையை நாங்கள் கொடுத்தோம்.

மேல்நிலையில் விலங்கியல் மிஸ் வேறு ரகம். போர்டில் பெரிதாகப் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எங்களைத் திருப்பிச் சொல்ல வைத்தார். யாரோ சிரித்தார்கள். “கிட்னின்னு சொன்னா சிரிக்கிறியா? இதுவும் ஒரு உறுப்பு” என்றார், அவ்வளவுதான். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் தயங்கித் தயங்கி அவரிடம் போனாள். மூன்று மாதமாக நிற்காமல் ரத்தப்போக்கு, வீட்டில் சொல்ல பயம். மிஸ்தான் அவள் அம்மாவை வரவழைத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார். ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போயிருந்தது.

நான் இப்போது செவிலியர். அந்தப் போர்டுப் படத்தைவிடத் தெளிவாக எந்தக் கல்லூரியிலும் எனக்கு யாரும் வரையவில்லை.

#6 மாம்பழச்சாலை

நீங்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள். நான் 1990களில் பத்தாவது. திருச்சி.

எங்கள் தமிழ் ஐயாவுக்கு அடிக்கிற பழக்கமும் உண்டு, வெற்றிலை போடுகிற பழக்கமும் உண்டு. இன்றைய கணக்கில் அவர் தேற மாட்டார். ஆனால் யாப்பு நடத்தினால் அவர் மாதிரி யாரும் இல்லை. குறளை அலகிட்டு, அதாவது சீர் சீராக அசை பிரித்து, வாய்பாடு எழுது என்று தேர்வில் வரும். மற்ற செக்‌ஷனில் எதிர்பார்க்கிற நாலு குறளை அலகிட்டு மனப்பாடம் செய்ய வைப்பார்கள். எங்கள் ஐயா வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டார். ஒவ்வொருத்தனும் எழுந்து தன் பெயரை அலகிட வேண்டும். கண்ணன் எழுந்து நேர் நேர் தேமா என்றான். முருகன் நிரை நேர் புளிமா. சரவணன் நிரை நிரை கருவிளம். பெயர் எல்லாம் தீர்ந்த பிறகு தெருவுக்குப் போனார். அப்போது அரசுப் பேருந்துக் கழகங்களுக்கு ஆள் பெயர் இருந்தது, 1997இல்தான் எடுத்தார்கள். சேரன் தேமா, சோழன் தேமா, பல்லவன் கூவிளம், பாண்டியன் கூவிளம். கட்டபொம்மனுக்கு ஒரு பீரியடே போயிற்று. மூன்று அசை, நேர் நிரை நேர், கூவிளங்காய் என்று கடைசி பெஞ்சில் இருந்து ஒருத்தன் சொன்னான். அவன் அதுவரை எந்தப் பாடத்திலும் வாயைத் திறந்ததில்லை.

பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் போகும்போது கடை போர்டை எல்லாம் அலகிட்டுக்கொண்டே போவோம். பைத்தியம் மாதிரி. அவர் பாடத்தைச் சுருக்கவில்லை, பாடப் புத்தகத்தில் இல்லாததையும் சேர்த்துப் பெருக்கினார். அதுதான் தம்பி சொல்கிற விஷயத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் என்று படுகிறது.

அவர் அடித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. அடிக்காமலே அதே பாடத்தை நடத்தியிருக்க முடியும், அவ்வளவு நன்றாக நடத்தினார்.

#7 சந்தப்பித்தன்

திருவள்ளுவரை விட்டுவிட்டாரே உங்கள் ஐயா! விரைவுப் பேருந்துக்கு அந்தப் பெயர்தானே. திரு, வள், ளுவர். நிரை நேர் நிரை, புளிமாங்கனி. குறளும் வெண்பாதான், வெண்பாவில் கனிச்சீர் வரக் கூடாது. ஆகவே குறளை எழுதியவர் பெயர் ஒரே சீராகக் குறளுக்குள் நுழைய முடியாது. பத்தாவது பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், வெண்பா விதி அப்புறம் மறக்கவே மறக்காது. இழைக்குச் சம்பந்தம் இல்லைதான், மன்னிக்கவும்.

#8 மாம்பழச்சாலை

சொன்னார் சந்தப்பித்தன், அதையும் சொன்னார். நீளமாகிறது என்று நான்தான் விட்டேன்.

#9 ஆத்தங்கரை

எல்லோரும் பாடத்தையே பேசுகிறீர்கள். எனக்கு அமைந்த வேதியியல் சார் ஒரு வரிகூட விடாமல் நடத்தியவர். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டும் முழுதாக. லேபில் உப்புப் பகுப்பாய்வை நாங்களே செய்து கண்டுபிடிக்கும்வரை விட மாட்டார், விடையை முன்கூட்டியே கசிய விடுகிற வேலை கிடையாது. தறிக்காரன் மகன் போட்ட கோட்டில் அவர் நல்லவர் பக்கம்தான் நிற்பார்.

ஜூலை மாதம் ஸ்காலர்ஷிப் ஃபாரம் வரும். வகுப்பு ஆசிரியர் அவர்தான். “எஸ்சி எல்லாம் எந்திரி” என்பார். நாங்கள் ஆறேழு பேர் எழுந்து நிற்போம். ஒவ்வொருத்தராகப் பெயர் எழுதி முடிக்கிறவரை நிற்க வேண்டும். அதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்து என் டிபனில் கை வைத்தவன் அன்றைக்குப் பிறகு இடம் மாறினான். சார் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை ஒருத்தன் மார்க் குறைத்து எடுத்தபோது, “உங்களுக்குத்தான் முப்பத்தஞ்சு போதுமே” என்றார். வகுப்பு சிரித்தது.

தம்பி படித்தபோது அதே பள்ளிக்கு வேறு ஒரு வகுப்பு ஆசிரியை வந்திருந்தார். அவர் ஃபாரம் வந்த விஷயத்தை வகுப்பில் வாயே திறக்கவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாக, நோட்டு எடுத்துவர அனுப்புவது போல ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு எழுத வைத்தார். இதைச் செய்வதற்குக் காசு செலவில்லை, சர்க்குலர் தேவையில்லை, கொஞ்சம் மனசு இருந்தால் போதும்.

2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்களே, அதற்குப் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை ஒரு நபர் குழுவாகப் போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கையில் சாதிக் கயிறு கூடாது என்பதோடு, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்றும் அதில் பரிந்துரை இருந்தது. செய்தியில் கயிற்றைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்குப் பதிவேட்டு வரிதான் கண்ணில் பட்டது.

உப்புப் பகுப்பாய்வு இன்றும் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தச் சாரை ரோட்டில் பார்த்தால் நான் வண்டியை நிறுத்த மாட்டேன்.

#10 தறிக்காரன் மகன்

ஆத்தங்கரை, நான் போட்ட கோடு இதைத் தொடவே இல்லை. எங்கள் பள்ளியில் ஃபீஸ் கட்டாதவர்களைத்தான் எழுப்பி நிறுத்துவார்கள். அதில் நானும் நின்றிருக்கிறேன், ஆனால் அப்பா பணம் கட்டியதும் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சொல்வதில் உட்காருவது என்பதே இல்லை.

#11 வல்லைவெளி

நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் உயர்தரத்தில், அதாவது உங்கட பிளஸ் டூ மாதிரியான வகுப்பில், நிலைமை வேறு மாதிரி. பாடத்தை ஒருவரும் மறைக்கிறதில்லை, ஆனால் அது பாடசாலையில் நடக்காது, ரியூட்டரியில் நடக்கும். இசட் ஸ்கோர் என்கிற தரப்படுத்திய புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்து பல்கலைக்கழக அனுமதியை முடிவு செய்யிறபடியால் ஒவ்வொரு புள்ளிக்கும் அடிபாடு. பெயர் பெற்ற ஆசிரியருக்கு ஒரு மண்டபம் நிறையப் பிள்ளைகள், கடைசி வரிசைக்கு ஒலிபெருக்கி. பரீட்சைக்கு இருக்க வேண்டும் என்றால் பாடசாலையில் 80 வீத வரவு வேண்டும், அதற்காகப் போய் இருந்துவிட்டு வருவோம்.

எனக்குப் பௌதிகம் (இயற்பியல்) படிப்பித்த பாடசாலைச் சேர் ஒருவர் மட்டும் விதிவிலக்கு. உயர்தரப் பௌதிகத்துக்கு ஆய்வுகூடத்தில் செய்முறைப் பரீட்சை இல்லை, வினாத்தாளின் அமைப்புக் கட்டுரைப் பகுதியில் எழுத்தில்தான் கேட்பார்கள். அதனால் மற்ற இடங்களில் பரிசோதனையைப் படமாகக் கீறிக் குறிப்புக் கொடுப்பதோடு சரி. இவர் பூட்டிக் கிடந்த ஆய்வுகூடத்தைத் தானே கூட்டித் துடைத்து, மின்தடை அளக்கிற பழைய மீற்றர்ப் பாலத்துக்குப் புதுக் கம்பி பூட்டி, எங்களைக் கொண்டே சமநிலைப் புள்ளி எடுக்க வைத்தார். அவருக்கு வெளியில் ரியூசன் இல்லை. கேட்டதற்கு, “பகலில் ஒழுங்காகப் படிப்பித்தால் பின்னேரம் ஏன் படிப்பிக்க வேணும்?” என்றார். சக ஆசிரியர்களுக்கு அவரைக் கண்ணில் காட்டக் கூடாது.

#12 பழைய செட்

என்னய்யா இது, அடி வாங்கியதை எல்லாம் ஏதோ கொலைக் குற்றம் மாதிரி எழுதுகிறீர்கள். நான் அடி வாங்கித்தான் உருப்பட்டேன். என் கணக்கு வாத்தியாரிடம், “கண்ணை மட்டும் விட்டுட்டு மத்த இடமெல்லாம் தோலை உரிங்க” என்று என் அப்பாவே சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கு வாத்தியார் பையனைப் பார்த்து முறைத்தாலே வீடியோ எடுக்கிறார்கள். பிறகு எப்படி மரியாதை இருக்கும்?

#13 பூங்கொடி

உருப்பட்டவர்கள்தான் இங்கே வந்து எழுதிக்கொண்டிருக்கிறோம் ஐயா. அடிக்குப் பயந்து ஒன்பதாவதோடு பனியன் கம்பெனிக்குப் போனவர் இந்த இழையில் இல்லை. எங்கள் தெருவில் இருக்கிறார், என் அண்ணன். அவரை அடித்தவரும் கணக்கு வாத்தியார்தான்.

கட்டாயக் கல்விச் சட்டம் 2009, பிரிவு 17, உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கூடாது என்கிறது. அது ஆறிலிருந்து பதினாலு வயது வரைதான் பேசுகிறது என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். பதினைந்தாவது பிறந்த நாளன்று தோல் தடித்துவிடுமா என்ன? பள்ளியில் இப்போது யாருக்காவது இப்படி நடந்தால் 14417 என்ற கல்வித் துறை உதவி எண் இருக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லி வையுங்கள்.

#14 சாக்பீஸ்

வேறு ஒரு விஷயத்துக்கு வருகிறேன். தறிக்காரன் மகன் எழுதியது ஏதோ முடிந்துபோன கதை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இந்தக் கூத்தை நிறுத்தத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. அதே காலத்தில் முதல் மூன்று இடம் அறிவிக்கும் வழக்கமும் போனது, மொத்த மார்க் 1200 என்பது 600 ஆனது, புளூபிரின்ட் போனது. புத்தகத்தின் உள்ளிருந்து கேட்டார்கள். முதல் வருடம் என் பிள்ளைகள் அழுதார்கள், நானும் உள்ளுக்குள் அழுதேன். ஆனால் லேபில் ஒரு மாற்றம் தெரிந்தது. தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் சாதனங்களை முதல்முறையாக வெளியே எடுத்தார்கள். நீட் வேறு இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேட்கிறது, பிளஸ் ஒன்னை விட்டவன் பாதி வினாத்தாளை விட்ட மாதிரி என்று அப்புறம்தான் பெற்றோருக்கே புரிந்தது.

2025 ஆகஸ்டில் வெளிவந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத் தேர்வு மறுபடி போய்விட்டது. பிள்ளைகளுக்கு மூன்று வருடம் தொடர்ந்து பொதுத் தேர்வு என்பது பெரிய சுமை, அதை எடுத்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் பள்ளியில் பத்தாவது முடித்து வந்த பிள்ளைகள் இப்போதுதான் மூச்சு விடுகிறார்கள், அதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் பழைய பெட்டி திறந்துதான் இருக்கிறது. பிளஸ் ஒன் புத்தகம் மறுபடி அதற்குள் போகாமல் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? ஆய்வுக்கு வருகிற அதிகாரி தேர்ச்சி சதவீதத்தை மட்டும் கேட்டால் போகத்தான் செய்யும்.

#15 மகளுக்காகக் கேட்கிறேன்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே வருகிறேன். என் மகள் ஒரு தனியார் பள்ளியில் இந்த வருடம் பிளஸ் ஒன், பயோ-மேத்ஸ். நான் எட்டாவது வரைதான். அவளிடம் கேட்டால் எல்லாம் நடத்துறாங்கப்பா என்கிறாள். பிளஸ் ஒன் பாடம்தான் நடக்கிறதா, பிளஸ் டூவுக்குத் தாவிவிட்டார்களா என்று என்னைப் போன்ற ஆள் எப்படிக் கண்டுபிடிப்பது?

#16 தறிக்காரன் மகன்

அண்ணே, பாடம் தெரிய வேண்டியதில்லை. மூன்று இடத்தில் பார்த்தால் போதும்.

அவள் கிளாஸ் நோட்டை வாங்கித் தேதியைப் பாருங்கள், பக்கத்தில் பிளஸ் ஒன் புத்தகத்தின் பொருளடக்கத்தை வைத்துக்கொண்டு. அரையாண்டுக்குள் கணக்கில் முதல் தொகுதி முடிந்திருக்க வேண்டும். பாடத் தலைப்பு அந்தப் பட்டியலில் இல்லாமல் வேறாக இருந்தால் தாவிவிட்டார்கள். இரண்டாவது, இயற்பியல், வேதியியல் ரெக்கார்டு நோட்டு. அதில் ஆசிரியர் கையெழுத்தும் தேதியும் இருக்கும். எல்லாச் சோதனைக்கும் ஒரே வாரத் தேதி என்றால் லேபுக்கே போகவில்லை, பார்த்து எழுதியது. எங்கள் ரெக்கார்டு அப்படித்தான் இருந்தது. மூன்றாவது, அவள் எழுதிய டெஸ்ட் பேப்பர். கேள்வி எந்தப் புத்தகம் என்று அவளையே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பள்ளியில் போய்ச் சண்டை போட வேண்டாம், மகளைத்தான் குறி வைப்பார்கள். “பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வு எந்த மாதம், எத்தனை பாடம் வரை?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள்.

#17 சாக்பீஸ்

அதோடு லேபில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வாரத்தில் எந்த நாள் என்றும் கேளுங்கள். கால அட்டவணையைக் காட்டுவார்கள். மகளிடம் தனியாக அதே கேள்வியைக் கேளுங்கள்.

#18 மகளுக்காகக் கேட்கிறேன்

நன்றி சார், நன்றி தம்பி. நோட்டு இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். இயற்பியல் ரெக்கார்டில் தேதி தள்ளித் தள்ளித்தான் இருக்கிறது, அது பரவாயில்லை போல. கணக்கு நோட்டில் தீபாவளிக்குப் பிறகு ‘அணிகளின் நேர்மாறு’ என்று இருக்கிறது. புத்தகத்தின் பட்டியலில் தேடுகிறேன், இன்னும் கண்ணில் படவில்லை.

#19 அரியர் மன்னன்

அண்ணே, அது பிளஸ் டூ முதல் பாடம்.